லில்லியை வீடு சேர்த்த தாஸ் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை பாடசாலை அலுவலகத்தில் அன்றைக்கு வராத பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எடுத்தால் கொலின், தாஸ் அண்ணையோடு ஒரே வீட்டில் இருப்பவர். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னை வேலையிடத்துக்கு அழைத்ததே இல்லை. தாஸ் அண்ணை போய்விட்டார் என்றார். நான் மடைச்சி மாதிரி, எங்கே என்று கேட்டேன். அவர் அதே வசனத்தை இன்னொரு முறை சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலைத் தேநீரைக் கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார், எழும்பவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், ஒரு நோய் நொடி இல்லாமல், நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது.

நம் தமிழ்ச் சங்கம் வெளியிடும் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மரியதாசன் என்ற தாஸ் அண்ணையைத் தேவாலயப் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நிற்கும் நெட்டை மனிதராகத் தெரியும். மீதிப் பேரின் வாயில் அவர் கட்டிய பல் இருக்கிறது. மன்னாரில் பிறந்து, கொழும்பில் பல் கட்டும் தொழிலைப் படித்து, ஒக்லாந்துக்கு வந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய பலகை வீட்டில் வாழ்ந்தவர். எங்கே கண்டாலும் அவருடைய நகக்கண்ணில் பல் அச்சு வார்க்கிற சாந்துப் பொடி கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

எனக்கு அவர் பழக்கமானது இந்தச் சஞ்சிகையால்தான். இதன் ஆசிரியர் என்று மாதாமாதம் இருபது பக்கம் நிரப்புவது என்றால் சும்மா வேலையா? சமையல் குறிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, விசா விளக்கம் எல்லாம் போட்ட பிறகும் நாலைந்து பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒரு ஞாயிறு பூசை முடிந்து இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற தாஸ் அண்ணை மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, என்னட்ட ஒரு காதல் கதை கிடக்கு. நூறு வருசம் பழசு. பரவாயில்லையோ?"

கதையின் பெயர் ‘மாடியில் வயலின்’. இலண்டனில் ஒரு பியானோக் கடை. அதன் மேல்மாடியில் சனிக்கிழமை இரவுகளில் நடனம். அங்கே வயலின் வாசிப்பவன் சவிரிமுத்து, கப்பலில் சமையற்காரனாகப் போய் அந்த ஊரிலேயே தங்கிவிட்ட மன்னார்க்காரன். ஆட வருகிறவர்களில் ஒருத்தி லில்லி. பச்சைப் பட்டுக் கவுண் போட்டு, கையில் விசிறியோடு வருவாள். பகலில் லில்லியின் பெயர் அல்பேர்ட். தொப்பிக் கடை ஒன்றில் அளவு எடுக்கும் வேலை.

கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்யும்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த மாடியில் ஆடுகிறவர்கள் எல்லோருமே ஆண்கள். ஆண்களைக் காதலிக்கிற ஆண்கள். பொழுது பட்டதும் ஒருவரையொருவர் ரோஸ், வயலட், லில்லி என்று கூப்பிட்டுக்கொள்வது அவர்களுக்குள் இருந்த வழக்கம். அண்ணை முதல் அத்தியாயங்களில் இதைப் போட்டு உடைக்கவில்லை, மறைக்கவுமில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது, விடுவதற்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் எங்கே பிடித்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை என்னைச் சிட்டியில் உள்ள நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய இங்கிலாந்துப் பத்திரிகைகளைச் சுருள் படமாக வைத்திருக்கிறார்கள். அதை ஒரு பெட்டிக்குள் போட்டுச் சுழற்றிச் சுழற்றி வாசிக்க வேண்டும். எனக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றியது. அண்ணை பல வருடங்களாகச் சனிக்கிழமைகளில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அவர் காட்டியது ஒரு நீதிமன்றச் செய்தி. ஒரு பொலிஸ்காரர் சாட்சி சொல்லியிருக்கிறார். மாடியில் இருபது ஆண்கள், அதில் பாதிப் பேர் கவுண் போட்டிருந்தார்கள், எலுமிச்சைப் பானம், விசிறிகள், பெயர் தெரியாத வயலின்காரன் ஒருவன். அதற்குக் கீழே பிடிபட்டவர்களின் பெயர், விலாசம், தொழில்.

"அவங்கள் ஆடினதை எழுதி வைச்சது பொலிஸ்காரன் மட்டும்தான், தங்கச்சி. காட்டிக்குடுக்கிறதுக்கு எழுதினதில இருந்துதான் நான் கவுணின்ர நிறத்தையே எடுக்க வேண்டிக் கிடக்கு" என்றார். பிறகு அந்த வயலின்காரன் இருந்த வரியில் விரலை வைத்தார். "இவர் மட்டும் தப்பிட்டார் பாரும். பெயரில்ல. அதுதான் எங்கட ஊர்ப் பெயர் ஒண்டு வைச்சு விட்டன்."

அன்று திரும்பும்போது அவருடைய வீட்டில் தேநீர் குடித்தோம். கொலின்தான் போட்டார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, அளவாகப் பேசுகிறவர், ஊரில் எல்லோருக்கும் அவர் தாஸ் அண்ணையின் ஹவுஸ்மேட். அவர் பால் எடுக்க உள்ளே போனதும் அண்ணை சொன்னார்: "கொலின் என்ர ஹவுஸ்மேட் இல்ல, தங்கச்சி. உமக்கு விளங்கும்தானே?"

"ஓம் அண்ணை, விளங்கும்" என்றேன். சொல்லிவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தன் வாழ்க்கையைத் தூக்கிக் கையில் தருகிறார், நான் தேயிலைத் தூளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய வெட்கம் இனித்தான் வருகிறது. ஒன்பதாவது அத்தியாயம் வெளியான வாரம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளை, அந்த லில்லி ஆம்பிளையோ பொம்பிளையோ? பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு வாற புத்தகம், யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். மற்ற நேரத்தில் முழ நீளத்துக்குப் பேசுகிற நான் அன்று, சரி ஐயா என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

கடைசி அத்தியாயம் அண்ணையிடமிருந்து வர ஒரு கிழமை இருந்தது. நான் அதற்குக் காத்திராமல் நானே மூன்று வரி எழுதினேன். ‘அந்தக் குளிர்காலத்தில் லில்லிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. சவிரிமுத்து ஊர் திரும்பினான்.’ கீழே ‘முற்றும்’ என்று போட்டு, அவருடைய பெயரையும் போட்டு, அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக் கார் தரிப்பிடத்தில் சஞ்சிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனேன்.

"தங்கச்சி, அந்தப் பிள்ளையின்ர காய்ச்சலுக்கு ஒரு பனடோலாவது குடுத்திருக்கலாமே?"

சிரித்துவிட்டேன். சிரிப்பு முடியுமுன் அழுகை வந்துவிட்டது. அவர் தன் கைக்குட்டையை எடுத்துத் தந்தார்.

"அழாதையும். உம்மில கோவமில்ல. ஆனா ஒண்டு கேளும். அந்தப் பேப்பரில வயலின்காரனைத் தவிர எல்லாரும் பிடிபட்டாச்சு. எங்கட ஆக்களுக்கு முன்னால, எங்கட பாஷையில, ஒரு சோடியாவது பிடிபடாமல் வீட்டை போய்ச் சேரட்டும் எண்டுதான் எழுதினனான். எனக்கு அது காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அவருடைய கடைசி அத்தியாயத்தை மார்கழியில் வரும் நத்தார் இதழில் போடுகிறேன் என்று சத்தியம் பண்ணினேன். நத்தார் இதழில் பாலர் நிகழ்ச்சிப் படங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தையில் பொங்கல். பிறகு தவக்காலம், அந்த நாளில் இந்தக் கதை வேண்டாம் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். சந்திக்கும் போதெல்லாம் அவர் கேட்கவே இல்லை. நானாகச் சாட்டுச் சொல்லத் தொடங்கினால், "பரவாயில்ல, ஆறுதலாச் செய்யும்" என்பார். ஆறுதலாகச் செய்ய அவருக்கு நாள் இருக்கவில்லை.

அடக்கப் பூசையில் கொலின் நாலாவது வரிசை வாங்கில் தனியாக இருந்தார். மரண அறிவித்தலில் அவருடைய பெயர் இல்லாதபடியால் எங்கே இருத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. ஹில்ஸ்பரோவில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற ரஞ்சி மாமி, மீன் கட்லட்டும் கையுமாக என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். எழுபது வயது, செபமாலைச் சங்கத்தின் தலைவி. சங்கத்துப் பெரியவரைவிட, இந்த மாமி என்ன சொல்வாரோ என்று பயந்துதான் நான் அந்த மூன்று வரியை எழுதினேன்.

"பிள்ளை, தாசன்ர கதை எப்பிடி முடிஞ்சது?"

"முற்றும் எண்டு போட்டனே மாமி."

"அது உம்மட கைவேலை. ஒன்பது மாசம் வாசிச்ச எனக்கு தாசன்ர எழுத்துத் தெரியாதே? லில்லி ஆம்பிளைப் பிள்ளை எண்டு மூண்டாம் அத்தியாயத்திலயே எனக்கு விளங்கிட்டுது. தாடி வழிச்ச இடத்தில பவுடர் பூசினதை எழுதியிருந்தார்தானே? நாங்கள் நாலு பேர் மாசாமாசம் போனில இதைத்தான் கதைக்கிறனாங்கள். பொலிஸ் வந்திடுமோ, பிடிச்சிடுவாங்களோ எண்டு எங்களுக்கு ஒரே பதகளிப்பு. நீர் என்னடா எண்டால் காய்ச்சல் எண்டு சொல்லிச் சாக்கொண்டு போட்டீர். பாவமெல்லே?"

என்னத்தைச் சொல்ல! ஐயோ, அவர் எழுதியதை அவர் விரும்பிய ஆட்கள் ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார்கள், லில்லிக்காக நெஞ்சு படபடத்திருக்கிறார்கள். அது தெரியாமலே அவர் போய்விட்டார். இந்தச் செய்தியை ஒரு தொலைபேசி அழைப்பில் அவருக்குச் சொல்லியிருக்கலாம். மாமியிடம் கேட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருந்தால்.

அன்று மாலையே மவுண்ட் ஆல்பர்ட்டுக்குப் போனேன். நான் கேட்குமுன்பே கொலின் பத்தாம் அத்தியாயத்தை எடுத்து வந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத அந்த மனிதருக்கு எந்தக் கட்டு எது என்று சரியாகத் தெரிந்திருந்தது. மேலே ஒரு வரி எழுதியிருந்தது: ‘பதினொரு வருடமாக என்னோடு வாழும் கொலினுக்கு.’ அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அச்சில் போடலாமா என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போடுங்கள் என்றார்.

சங்கத்துப் பெரியவர் மீண்டும் கூப்பிட்டார். பாடகர் குழுவில் செய்த சேவையை மட்டும் எழுதினால் போதும் என்றார். சேவையையும் எழுதியிருக்கிறேன், மேலே பாருங்கள். மற்றதும் இருக்கிறது. தாஸ் அண்ணையின் துணைவர் பெயர் கொலின். ‘மாடியில் வயலின்’ கதையின் ஒன்பதாவது அத்தியாயத்துக்குப் பின்னால் வந்த மூன்று வரி என்னுடையவை, அவருடையவை அல்ல. அந்தப் பிழைக்கு வாசகர்களிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதற்காக வேறு ஆசிரியர் தேடுவதென்றால் தாராளமாகத் தேடுங்கள், ஆனால் நீங்கள் இதை வாசிக்கும்போது இந்த இதழ் அச்சாகியிருக்கும்.

இந்த இதழில் வருகிற பத்தாம் அத்தியாயத்தை நேற்று என் கையால் தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. பொலிஸ் படியேறி வருகிறது. மாடியில் பாதி குடித்த கோப்பைகள் மட்டும் இருக்கின்றன. பியானோக்களைக் கயிறு கட்டி இறக்குகிற பின் கதவால், அந்தக் கயிற்றைப் பிடித்து இருபது பேரும் இறங்கிவிட்டார்கள். சவிரிமுத்துவும் லில்லியும் மழைத் தெருவில் நடக்கிறார்கள். சப்பாத்து கடிக்கிறது என்று லில்லி கழற்ற, சவிரிமுத்து அதை வயலின் பெட்டிக்குள் வைத்துக் காவிக்கொண்டு வருகிறான். அறைக்கு வந்து அடுப்பை மூட்டுகிறார்கள். அண்ணை எழுதிய கடைசி வசனம் இதுதான்: ‘சவிரிமுத்து கதவை உள்ளே பூட்டினான், விடிந்த பிறகும் ஒருவரும் வந்து தட்டவில்லை.’

லில்லி சுகமாக வீட்டை போய்ச் சேர்ந்திட்டா, அண்ணை. அச்சுக்குப் போக முன்னமே ரஞ்சி மாமியிட்ட டைப் அடிச்ச பிரதியைக் குடுத்திட்டன். நீங்கள் போயிட்டு வாங்கோ.