அக்காவின் ஐந்து இடங்கள்

அப்பா எங்கே போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பாசத்தால் அல்ல, ஆங்கிலத்தால். எண்பதுகளின் கடைசியில், லண்டன் வால்தம்ஸ்டோவில் நாங்கள் குடியிருந்தபோது, கவுன்சில் அலுவலகமோ டொக்டரோ ஹீட்டர் திருத்த வந்தவரோ, யாரென்றாலும் அவர்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒன்பது வயதில் நான் நின்றேன். அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவைக்கூட நான்தான் அவருக்குச் சொன்னேன். வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைக்கு அது சாதாரணப் பெருமையல்ல.

என்னைவிட அக்காவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவளுக்குப் பதினேழு வயது. மருத்துவம் படிக்கப்போகிறவள் என்று பள்ளிக்கூடமே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அவளுடைய பல்கலைக்கழக விண்ணப்பம் பற்றிப் பேச ஆசிரியை கூப்பிட்டபோது அப்பா என்னைத்தான் சப்பாத்தைப் போடச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றச் சேவகராக இருபது வருடம் நின்றவர் அவர். வழக்காளியே தன் வழக்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியாது என்பது அங்கே அவர் கண்ட முறை. லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தாலும் முறை முறைதான். தன் காரியத்தில் யாரும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்வார்கள் என்பார்.

அந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரி என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா அப்போது எங்களோடு இல்லை. முதலில் அப்பா லண்டனுக்கு வந்து, பிறகு எங்கள் இரண்டு பேரையும் தன்னிடம் கூப்பிட்டு எடுத்தார். அம்மா மூன்று வருடமாகக் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று கடிதம் வரும். நான் அதை நம்புவதை எப்போதோ விட்டிருந்தேன். அம்மாவின் முகத்தைப் படத்தில் பார்த்தால்தான் நினைவு வரும். எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவதும், குளிர்காலத்தில் காலுறையை ஹீட்டரில் காயவைத்துச் சூடாகப் போட்டுவிடுவதும், பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பதும் அக்காதான். அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டால் வீடு என்பது எனக்கு அக்காதான்.

ஆசிரியை வயதானவர், மெதுவாகப் பேசுபவர். எனக்காக இன்னும் மெதுவாகப் பேசினார். விண்ணப்பத்தில் ஐந்து இடங்களை எழுதலாம். முதலிடத்தில் ஸ்கொட்லாந்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தை எழுதுங்கள். எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே படித்திருக்கிறார்கள். இவளைப் போன்ற பிள்ளையை அவர்கள் விடமாட்டார்கள். லண்டனில் இடம் பிடிக்க எல்லோரும் அடிபடுகிறார்கள், ஐந்தையும் லண்டனிலேயே எழுதினால் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அப்பாவுக்குச் சொல்லு என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஸ்கொட்லாந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ரயிலில் ஒரு நாள் போய்விடும் என்றார்.

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சில் அலுவலகத்தில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னேன்.

"எல்லாம் லண்டனிலயே போடட்டாம், அப்பா. தூர இடம் வேண்டாமாம்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. கன்னிப் பெண்ணை எங்கேயோ குளிருக்குள் தனியே அனுப்ப வேண்டிவருமோ என்று ஒரு கிழமையாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் முறை தவறக்கூடாதே. அக்காவின் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்லுறாய், பிள்ளை?" என்று கேட்டார்.

அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அங்கேயே அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி சொன்னது சரி, அப்பா."

எல்லோரும் தலையாட்டுவதைக் கண்ட ஆசிரியை, தன் சொல்லை ஏற்றுவிட்டார்கள் என்று மகிழ்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவும் எழுந்து நின்று குலுக்கினார். பிறகு விண்ணப்பத்தில் ஐந்தும் லண்டனாக இருந்ததைப் பார்த்து ஆசிரியை அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். வீட்டில் யோசித்து எடுத்த முடிவு என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் போக விருப்பமில்லை, நான்தான் அவளைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு நிம்மதியாக இருந்தேன் என்று எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்து இடத்திலிருந்தும் இல்லை என்றே பதில் வந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவற்றில் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. ஐந்தாவது வந்த அன்று அப்பா கதிரையில் இருந்தபடியே, அந்த ரீச்சர் எங்களுக்குப் பிழையான வழியைக் காட்டிப்போட்டா என்றார். பிறகு கடைத்தெருவில் அவரைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஆசிரியை கையை உயர்த்தியபடி நின்றது எனக்குத் தெரியும். அப்போதும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் திரும்ப எழுதிப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, பெண்பிள்ளை ஒரு வருடம் சும்மா இருக்கக்கூடாது என்று அப்பா மறுத்துவிட்டார். வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய கல்லூரியில் கணினி படிக்கச் சேர்ந்தாள் அக்கா. பள்ளிக்கூட வாசலில் அவள் வழக்கம்போல வந்து நின்றாள், கையில் புதிய பை.

அவள் சேர்ந்து ஒரு மாதத்தில், ஒக்டோபரில், அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது.

ஹீத்ரோ விமான நிலையத்தில் அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா காட்டித்தான் ஓடினேன். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, முகத்தைத் தடவி, வளர்ந்துவிட்டாய் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதுவரை அக்கா சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அம்மாவின் பெட்டியைத் தூக்கப் போனவளை அம்மா தடுத்து, அவளுடைய கன்னத்தில் கையை வைத்தார்.

"இனி இவளை நான் பாக்கிறன். நீ உன்ர படிப்பைப் பார், பிள்ளை."

அதைக் கேட்டதும் அக்கா அழத் தொடங்கினாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த நாளில்கூட அழாதவள், ஆட்கள் விலகிப் போகும் அளவுக்கு அழுதாள். நான்கு வருடம் பிரிந்திருந்த பிள்ளை என்று அப்பாவும் கண்ணைத் துடைத்தார். சந்தோஷத்தில் பெரியவர்கள் இப்படித்தான் அழுவார்கள்போல என்று நினைத்த நான், பஸ் போய்விடும் என்று அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன்.