புஷ்தாவின் ரொட்டியில் 17296

அடுப்புக்காரன் புஷ்தா பெண்டாட்டியை வசியம் பண்ண ரொட்டியில் ஒரு எண்ணைக் கீறினானாம். சூட்டில் கடைசி ஆறு உப்பி எட்டாகிவிட்டதாம். எண் கெட்டதால் அவள் போய்விட்டாளாம். மராகேஷில் எங்கள் பேட்டை முழுக்க இதைச் சொல்லித்தான் சிரிக்கிறது. அடுப்புக்கு எதிரே செருப்புக்கடை வைத்திருப்பவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

தெருவில் எல்லா வீட்டு மாவும் புஷ்தாவின் அடுப்பில்தான் வேகும். ரொட்டிக்கு ரொட்டி ஒரு கீறலோ புள்ளியோ இருக்கும்; அதுதான் வீட்டு அடையாளம். அவன் வீட்டு ரொட்டிக்கு மட்டும் அடையாளமே கிடையாது. எல்லோரும் எடுத்துப்போனபின் மிஞ்சுவது அவனுடையது.

போன குளிர்காலத்தில் அவன் மகள் காய்ச்சலில் கிடந்தாள். மனைவி இஸ்ஸா ஆள்மேல் ஆள் அனுப்பினாள். "இந்த ஈடு வெந்ததும் வரேன்னு சொல்லு" என்றான். ரொட்டி வெந்தது. பிள்ளை போய்விட்டது. அன்றிலிருந்து இஸ்ஸா அவனிடம் வாய் திறக்கவில்லை. இந்த வாரம் மூட்டை கட்டி, அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

புஷ்தா மிரண்டுபோய், தாயத்து எழுதும் சீ லஹ்பீப் என்ற பெரியவரிடம் ஓடினான். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"ஜோடி சேர எல்லாரும் தாயத்துல எழுதுற 220, 284 போதாதா, பெரியவரே?" என்றேன்.

"அது புதுசா கட்டிக்கிட்டவங்களுக்குய்யா. இவன் கேசுக்குப் பெரிய எண்ணு வேணும். 17296ஐ மீதி இல்லாம வகுக்கிற, அதைவிடச் சின்ன எண்ணை எல்லாம் கூட்டு, 18416 வரும். 18416க்கும் அப்படியே பண்ணு, திரும்ப 17296க்கே வந்து நிக்கும். எங்க சுத்தினாலும் ஒண்ணுகிட்ட ஒண்ணு வந்து சேர்ற ஜோடி. புஷ்தா, ரெண்டையும் ரொட்டியில கீறி, சின்னதை அவளுக்குக் குடு, பெரியதை நீ தின்னு."

"ஒரு இலக்கம் மாறினா?" என்றான் புஷ்தா.

"அப்புறம் அது யாரோ, இது யாரோ."

மறுநாள் புஷ்தா இரண்டு ரொட்டி தட்டி, ஆணியால் எண்களை ஆழமாகக் கீறினான். வேகும்வரை அடுப்பு வாயைவிட்டு நகரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும் அப்படித்தான் நின்றான்.

இஸ்ஸா மூட்டையோடு அடுப்படிக்கே வந்தாள். நீட்டிய ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்த வீட்டு அடையாளம்?"

"நம்ம வீட்டுது."

"நமக்கு ஏது அடையாளம்? மிஞ்சினதுதானே நமக்கு."

மாதக்கணக்கில் பேசாதவள் பேசியது அவ்வளவுதான். அண்ணன் கழுதையோடு தெருமுனையில் நின்றிருந்தான்.

அவள் போன மறுநாள் புஷ்தா என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். என் வாய் சும்மா இருக்குமா? "ஏன் புஷ்தா, ஆறு உப்பி எட்டாயிடுச்சாமே?"

"எவன் சொன்னான்? உப்பவே இல்ல. ஆறு ஆறாத்தான் இருந்துச்சு. என் கண்ணெதிர்ல ஒரு துணுக்கு விடாம தின்னா. தின்னுட்டுத்தான் போனா."