சுரண்டிப் பார்த்த பச்சை

வீட்டுச் சாவி கைக்கு வந்தது ஏப்ரல் கடைசியில். பால் காய்ச்சியது ஜூன் முதல் வாரத்தில். இடைப்பட்ட வாரங்களில் ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் வாங்கிய வீடு எங்கள் பெயரில் பூட்டிக் கிடந்தது. நாங்கள் நியூ லின்னில் வாடகை வீட்டிலேயே கிடந்தோம். காரணம் கத்திரி வெயில்.

மதுரையிலிருந்து மாமியார் போனில் சொல்லிவிட்டார். "கத்திரி முடியாமப் பால் காய்ச்சக்கூடாது மாப்ளே. அக்னி நட்சத்திரத்துல குடிபோனா குடும்பம் ஒரு எடத்துல தங்காது."

போன் காதில் இருக்கும்போது வெளியே மழை. காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலுறை. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்து வழிந்து மரச்சட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு காலண்டரில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அது தணிவதற்காக, பருவங்கள் தலைகீழாக வரும் இந்த ஊர்க் குளிரில் நாங்கள் காத்திருந்தோம். சிரிக்கத்தான் வேண்டும். நாங்களும் சிரித்தோம். ஆனாலும் காத்திருந்தோம்.

காத்திருந்தது பாலுக்காக மட்டுமல்ல. கறிவேப்பிலைக்காகவும்தான்.

அந்தச் செடி எங்களோடு எத்தனை வீடு மாறியது என்று இப்போது வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. மனுரேவாவில் ஒரு கராஜை அறையாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள், அங்கே வாங்கியது. விரல் உயரம், மூன்று இணுக்கு. பிறகு ஒவ்வொரு முறையும் சாமான் வண்டியில் ஏறியது, செடி மட்டும் எங்கள் காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது. பக்கத்தில் என் மகள். சின்னவளாக இருந்தபோது வளைவுகளில் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். குளிர்காலம் முழுக்கச் செடி வீட்டுக்குள், துணி துவைக்கும் எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில். கோடை வந்தால் வெளியே. வாடகை வீட்டைச் சோதிக்க வரும் பெண் கம்பளத்தில் தொட்டி போட்ட வட்டக் கறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். நாங்கள் சிரித்து மழுப்புவோம். தூக்குவது எப்போதும் என் மனைவிதான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் போன முதுகு அவளுடையது.

பிரிஸ்பேனில் அவளுடைய அண்ணன் இருக்கிறார். வாரம் தவறாமல் கூப்பிடுவார். "அங்க என்னம்மா இருக்கு? மழையும் சளியும். இங்க வா." நான் இந்த ஊரைவிட்டு நகர மாட்டேன் என்று நின்றேன். வாழ்நாள் முழுக்க ஓரிடத்தில் தரிக்காமல் அலைந்தவன் நான். சென்னை, துபாய், வெலிங்டன், பிறகு ஆக்லாந்துக்குள்ளேயே ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை. ஐம்பதை நெருங்கும்போது கால் சலித்துப்போய் முதன்முதலாக ஓரிடத்தில் நிற்க ஆசைப்பட்டது. அது இந்த இடமாக இருந்துவிட்டது, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

வீட்டைப் பார்க்கப் போனது பிப்ரவரியில். புல் காய்ந்து மொரமொரத்தது, வேலியோரப் பிளம் மரம் தின்ன ஆளில்லாமல் பழத்தைச் சிந்திக்கொண்டிருந்தது, வெயில் பிடரியைச் சுட்டது. கொல்லைக் கோடிக்கு நடந்துபோய் நின்று என் மனைவி சொன்னாள்: "கறிவேப்பிலை இங்க. தொட்டியில இல்ல, தரையில."

"வச்சாப் போச்சு."

"நான் சும்மா சொல்லல. இனிமே அதை நான் தூக்க மாட்டேன். ஒண்ணு அது இங்க மண்ணுல நிக்கணும், இல்ல நாம பிரிஸ்பேன் போயிரணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தும் முடித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

இப்படியாக வைகாசியில், நல்ல நேரத்தில், அடுப்பில் பால் பொங்கிய கையோடு கொல்லையில் குழி வெட்டினேன். மண்வெட்டியில் களிமண் அப்பிக்கொண்டு விட மறுத்தது. வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறியது. மனைவி புடவைக்கு மேல் என் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு செடியின் தண்டில் மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்தாள். இடுப்புயரம் வளர்ந்த செடி. தொட்டியை உடைத்தபோது வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுருண்டிருந்தது, வெளியே வந்த பிறகும்.

பின்தெருவிலிருந்து விருந்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா கையில் பாயசக் கிண்ணத்தோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு எங்களுக்கு வெகுகாலம் முன்னாலேயே வந்தவர். அவர் வீட்டில், இந்த ஊரில் வெயில் வரும் வடக்குத் திசையைப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டி வாழை நிற்கும், கறிவேப்பிலையை மட்டும் இன்றுவரை தொட்டியைவிட்டு இறக்கியதில்லை.

"தம்பி, ஜூன் மாசத்தில ஆரும் மரம் நடுவினமோ?"

"நல்ல நாள் அக்கா," என்றாள் என் மனைவி. "கத்திரிகூட முடிஞ்சிருச்சு."

அக்கா பாயசத்தை ஒரு வாய் குடித்தார். "நாள் நல்ல நாள்தான் பிள்ளை. நாடுதான் சரியில்லை."

எல்லோரும் சிரித்தோம். மழை வலுத்தது.

எங்கள் வீடு சரிவின் அடியில் இருக்கிறது. தண்ணீர் எப்படி வழிந்து பள்ளத்தில் தேங்குமோ அப்படியே குளிரும் வழிந்து வந்து தேங்கும் என்பதைப் பிப்ரவரி வெயில் எங்களுக்குச் சொல்லவில்லை. ஜூலையில் ஒருநாள், துருவக் குளிரைக் கொண்டுவரும் தெற்குக் காற்று சட்டென்று நின்றது. வானம் துடைத்துவிட்டது போல ஆனது. உறைபனி விழும் என்று போன் எச்சரித்தது. மாலையே மனைவி பழைய சுங்குடிப் புடவையைக் கொண்டுபோய்ச் செடியின் மேல் போர்த்தி, குழந்தைக்குச் செய்வது போல ஓரங்களைச் செருகிவிட்டு வந்தாள்.

காலையில் கொல்லை வெள்ளையாக இருந்தது. மகளின் பழைய ட்ராம்போலினில் வெள்ளை, கொடிக் கம்பியில் வெள்ளை. மிதித்த இடமெல்லாம் புல் நொறுங்கியது. போர்த்திய புடவை ஈரம் இழுத்து, இலைகளோடு ஒட்டி, அப்பளம் போல விறைத்து நின்றது. எடுக்கப் போனேன், புடவையோடு கொத்து இலையும் வந்தது. குச்சிகளை நட்டு, துணி இலையைத் தொடாதபடி கூடாரம் மாதிரிப் போட வேண்டுமாம். அக்கா பிறகு சொன்னார். எல்லாவற்றையும் இங்கே பிறகுதான் சொல்கிறார்கள்.

வெயில் ஏறியதும் இலைகள் வேகவைத்த கீரையாகத் துவண்டன. மூன்றாம் நாள் கறுத்தன. அந்த வாரமே உதிர்ந்தன. நின்றது ஒரு கம்பும் நாலைந்து குச்சிகளும். மகள் பள்ளிக்குப் போகும் வழியில், பையை முதுகில் மாட்டிக்கொண்டே பார்த்தாள்.

"இட்ஸ் டெட், அப்பா."

"அப்படிச் சொல்லாத."

"ஓகே. இட்ஸ் ரெஸ்டிங்," என்றுவிட்டுப் போனாள்.

தோட்டம் போடுகிற தமிழர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் அது ஒரு துக்க வீட்டு வாசல். ஒருவர் கறுத்த வாழையைப் போடுவார், இன்னொருவர் மொட்டையான முருங்கையை, யாரோ ஒரு பெண் தொட்டியோடு வாடிய குண்டுமல்லியை. "கிறிஸ்மஸ் லைட் சுத்துங்க." "வெட்டாதீங்க, வசந்தம் வரட்டும்." "வெட்டிருங்க, இல்லன்னா அழுகல் கீழ எறங்கும்." எங்கள் கம்பின் படத்தை நானும் போட்டேன். கைகூப்பும் பொம்மைகள் வந்தன. "புளிச்ச மோர் ஊத்துங்க" என்று இரண்டு பேர். மனைவி ஊற்றினாள். ஏற்கெனவே தண்ணீர் வடியாத களிமண்ணில் மோர் வெள்ளையாகத் தேங்கி நின்றது.

அக்கா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "இந்தியாக்காரர் எல்லாத்துக்கும் மோர் ஊத்துவியள் என்ன! காய்ச்சல்காரனுக்கு ஆரும் மோர் குடுப்பினமோ?" பிறகு குனிந்தார். கட்டைவிரல் நகத்தால் தண்டில் மெல்லச் சுரண்டினார். பழுப்புத் தோல் விலகியது. அடியில் ஒரு பொட்டுப் பச்சை. ஈரமான, நம்பமுடியாத, அரிசி மணி அளவுப் பச்சை.

"கண்டியளோ? உயிர் கிடக்கு."

என் மனைவி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒன்று இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனுடைய போன் வந்தபோது "அப்புறம் பேசுறேன்" என்று வைத்தாள். அந்த அரிசி மணி எனக்கு வீடாகத் தெரிந்தது.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும் முன் போய்ச் சுரண்டிப் பார்த்தேன். பச்சை. கணினி நிரலில் பிழை தேடுவது என் பிழைப்பு. ஒரு முறை சரியாக ஓடியதை மறுமுறை ஓட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அதற்கும் மறுநாள் கொஞ்சம் மேலே. பச்சை. பக்கவாட்டில். பச்சை. ரயிலில் உட்கார்ந்து நகக்கண்ணை முகர்ந்தால் கறிவேப்பிலை வாசம் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்துக்கொண்டேன். மழை இறங்கும் ஜன்னலுக்கு வெளியே நியூ லின் வந்தது, போனது. எங்கள் பழைய வாடகை வீட்டின் கூரைகூட ஒரு கணம் தெரிந்து மறைந்தது. எனக்குத் தேவையெல்லாம் அன்றைக்கான பச்சை. மறுநாளுக்கான பச்சையை மறுநாள் சுரண்டிக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் இன்னும் இரண்டொரு வெள்ளைக் காலைகள் வந்தன. பிளம் மரம் இலைகூட விடாமல் அவசரப்பட்டுப் பூத்தது. செப்டம்பரில் வேலியோரக் கோவாய் மரம் மஞ்சள் பூவாக வெடித்தது, டூயி பறவைகள் அதில் தொங்கிக்கொண்டு கத்தின. பச்சைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. புல் வாரத்துக்கு ஒருமுறை வெட்டச் சொல்லிக் கெஞ்சியது. எங்கள் கம்பு மட்டும் அப்படியே நின்றது. பிரிஸ்பேன் அண்ணன் படம் அனுப்பினார்: கூரையைத் தாண்டிய கறிவேப்பிலை மரம், அதன்கீழ் அவர் கையில் அரிவாள். "பக்கக் கன்னு தொல்லை தாங்கல. வெட்டி வெட்டிக் குப்பையில போடுறேன்." அதை மனைவி எனக்குக் காட்டவில்லை. மகள்தான் காட்டினாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். வெயில் அடித்தது, கொல்லையில் ஈரம் ஆவியாகி எழுந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, தண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஆர் இதை இப்பிடி உரிச்சது?"

அப்போதுதான் நானும் முழுசாகப் பார்த்தேன். ஒரு பொட்டுக்கு மேல் இன்னொரு பொட்டு, பக்கத்தில் இன்னொன்று. அடியிலிருந்து என் முழங்கால் உயரம்வரை தண்டின் தோல் சுற்றிலும் போயிருந்தது. பச்சை இருந்த இடங்களெல்லாம் காய்ந்து மரத்தூள் நிறத்தில் இருந்தன. மோதிரம் மாதிரி முழு வட்டங்கள்.

"நான் காலையில ஒரு தடவைதான்..." என்றேன்.

மனைவி தண்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் டூட்டி முடிஞ்சு வந்ததும். நாடி பாக்குற மாதிரி. ஒரே ஒரு தடவை."

படியில் உட்கார்ந்திருந்த மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஐ டிட் இட் டூ. ஆஃப்டர் ஸ்கூல். ஐ வான்டட் இட் டு பி க்ரீன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "நானும்தான்," என்றார். "நீங்கள் இல்லாத நேரம் வேலிக்கால வந்து... கை சும்மா இருக்குதோ?"

யாரும் சிரிக்கவில்லை. கொன்றது பனியா, களிமண்ணா, மோரா, நாலு பேருடைய நகமா என்று யாரும் கேட்கவும் இல்லை. அக்கா கடைசியாக ஒருமுறை சுரண்டினார், அடித்தண்டில், மண்ணை விலக்கி. பழுப்பு. இன்னும் ஆழமாக. பழுப்பு. கம்பைப் பிடித்து லேசாக அசைத்தார். அது எதிர்ப்பே காட்டாமல் மண்ணிலிருந்து வந்துவிட்டது. வேர் தொட்டியின் வடிவத்தைவிட்டு வெளியே ஓர் இழைகூட ஓடியிருக்கவில்லை. இத்தனை மாதம் அது அந்தத் தரையில் இருந்தது, அவ்வளவுதான்; அதைத் தொடக்கூட இல்லை.

அடுத்த வாரம் அக்கா தன் தொட்டியிலிருந்து ஒரு பக்கக் கன்றைப் பிரித்துக் கொண்டுவந்தார், ஐஸ்கிரீம் டப்பாவில். "இப்ப நடலாம் பிள்ளை. இதுதான் காலம். கோடை முழுக்கக் கிடக்கு, வேர் பிடிச்சிடும்."

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் திரும்பினேன். சரிவில் கொஞ்சம் மேலே, சுவரோரம், வடக்கு பார்த்த ஓரிடத்தை ஏற்கெனவே மனதில் குறித்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். அக்காவும் "ஓம், அது நல்ல இடம்" என்றார்.

மனைவி கார் டிக்கியைத் திறந்தாள். உள்ளே புதுத் தொட்டி ஒன்று இருந்தது. காலியாகவே அதைச் சமையலறைக்குள் எடுத்து வந்து கன்றை வைத்தாள், பையிலிருந்த மண்ணை அள்ளிப் போட்டாள், உள்ளங்கையால் அமுக்கினாள். தண்டை அவள் தொடவில்லை. அப்புறம் குனிந்து தூக்காமல், காலால் லேசாகத் தள்ளினாள். அடியில் நாலு சக்கரம். தொட்டி சமையலறைத் தரையில் சத்தமில்லாமல் உருண்டு, வாசல் வரைக்கும் போய் நின்றது.

"நல்லா ஓடுது," என்றாள்.