கடைவீதிக்கு ஒரு கழிப்பறை

நான் வேலை பார்த்த நகராட்சி எது என்று சொல்லப்போவதில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அந்தக் கடைவீதி பழகியதுதான். ஊர் நாலா பக்கமும் வளர்ந்துகொண்டிருந்தது. சோளக்கொல்லைகளெல்லாம் நகர் நகராகிவிட்டன. கடைவீதியில் ஒரு பெயர்ப்பலகையின் பெயின்ட் காய்வதற்குள் அடுத்த கடை திறந்தது. எங்கே என்ன கடை இருக்கிறது, அவர்களுக்கு நகராட்சியிடமிருந்து என்ன வேண்டும் என்று வாசல் வாசலாகப் போய்க் கேட்டு எழுதிவர, தற்காலிகமாகச் சிலரை எடுத்தார்கள். நானும் ஒருத்தி. பி.காம். முடித்து, கல்யாணமாகி, செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று வருஷம் வீட்டோடு இருந்தவளுக்கு அதுதான் முதல் வேலை.

முதல் வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் வரியைக் கூட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரும்புக்கடையில் ஒருவர், “ஓனர் ஊர்ல இல்லங்க, அடுத்த வாரம் வாங்க” என்றார். அவர்தான் ஓனர் என்று பக்கத்துக் கடையில் தெரிந்தது. நான் கோபப்படவில்லை. மறுநாளும் போனேன். தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கத் தெரியாமல் ஏழெட்டுப் பேர் முழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கதை மாறிவிட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, “ஒரு டீ சாப்புடுங்க” என்றார்கள்.

டீதான் எனக்குச் சிக்கல். காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினால் நான் வீடு திரும்ப ஆறு மணியாகும். கடைவீதியில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. அதனால் டீயும் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லிப் பழகியிருந்தேன்.

ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் ஒரு அக்கா இதைக் கவனித்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடை கொடுத்த நீலச் சேலை, காலில் ரப்பர் செருப்பு.

“ஏன் மேடம், டீ புடிக்காதா, இல்ல வேற காரணமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டார்.

“நாங்களும் குடிக்கிறதில்ல. காலைல ஒரு தம்ளரோட சரி. போன மாசம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில படுத்துட்டேன். டாக்டரு தண்ணி நெறைய குடிங்கன்னாரு. குடிச்சிட்டு எங்க போறது?”

அவர் இதைச் சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இத்தனை கடை ஏறி இறங்கியும் என் தொந்தரவு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலையே மறுபடி வீதியின் ஒரு முனையிலிருந்து தொடங்கினேன். ஃபேன்ஸி ஸ்டோர், மெடிக்கல், செல்போன் கடை, பேக்கரி என்று ஒவ்வொன்றிலும் வேலை பார்க்கும் பெண்களிடம் தனியாகப் பேசினேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். படிவத்தில் தெருவிளக்கு, வடிகால், குப்பை என்று கட்டங்கள் இருந்தன. கடைசியில் ‘இதர’ என்று இரண்டு வரி. அதில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று எழுதினேன்.

என் மேற்பார்வையாளர் படிவங்களைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா, எல்லாத்துலயும் இதையே எழுதியிருக்க? நாம கேட்டது கடைக்கு என்ன வேணும்னு.”

“கடைய நடத்துறதே அங்க வேலை பாக்குற பொம்பளைங்கதான் சார்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். படிவங்களைத் திருப்பித் தரவில்லை. அப்படியே மேலே அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வணிகர் சந்திப்பு நடந்தது. கமிஷனர், பொறியாளர், கவுன்சிலர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். கடை முதலாளிகள் வரிசையாக எழுந்து கேட்டார்கள். சிமெண்ட் லாரிகள் வீதிக்குள் வரக்கூடாது, மழைநீர் நிற்கிறது, விளக்கு எரியவில்லை. எல்லாம் நியாயமானவைதான். அந்த அக்கா முதலாளியிடம் அரைமணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு பெண்களோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்கைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழுந்து நின்று சும்மாவே பேசினார்.

“காலைல ஒம்பதுக்கு வந்தா ராத்திரி ஒம்பதுக்குத்தாங்க வூட்டுக்குப் போறோம். வீதில பாத்ரூம் இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வர இருபது நிமிஷம் ஆவுது. அதனால நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்லைங்க. அவ்வளவுதான்.”

பின்னால் யாரோ சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாததால் நிறுத்திக்கொண்டார். வீதியில் எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று கமிஷனர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. என் நோட்டில் கடைவாரியாக இருந்தது. வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிக்க நேரமானது. முதலாளிகளே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கட்டலாம் என்று முடிவானது. எங்கே கட்டுவது என்பதில்தான் தகராறு வந்தது. தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நகராட்சி இடம் கொஞ்சம் இருந்தது. அதை ஒட்டிப் பாத்திரக்கடை. அந்தக் கடைக்காரர் சுற்றுவட்டக் கடைகளில் கையெழுத்து வாங்கி ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டார். அவருக்கு உரிமம் புதுப்பித்துக் கொடுத்தது நான் என்பதால், பேசிப் பார்க்க என்னையே அனுப்பினார்கள். இரண்டு தடவை போனேன். “சீர்ப் பாத்திரம் வாங்க வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டா வருவாங்க?” என்ற ஒரே கேள்வியில் நின்றார்.

மூன்றாவது தடவை, சாப்பாட்டு நேரத்தில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சின் நடுவில் கடைக்காரர் சட்டென்று எழுந்து, “இருங்க, வந்துடுறேன்” என்று பின்பக்கத் தெருவுக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து உட்கார்ந்தார்.

“சுகரும்மா. ஒரு நாளைக்கு எத்தன தடவ வூட்டுக்கு ஓடுறேன் தெரியுமா? வியாபாரமே பாக்க முடியல.”

“ஐயாவுக்கு வூடு பக்கத்துல இருக்குங்க” என்றார் அக்கா.

அவ்வளவுதான் சொன்னார். குரலில் குத்தல் இல்லை. கடைக்காரர் கல்லாப்பெட்டியை இழுத்து மூடினார்.

“நாறாம இருக்கும்னு யாரு எழுதிக் குடுப்பா?”

“நாங்க பாத்துக்குறோம்” என்றார் அக்கா.

“நாங்கன்னா?”

“இந்த வீதில வேலை பாக்குற பொம்பளைங்க.”

அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். வாசல் வீதியைப் பார்க்கக் கூடாது, தொட்டியிலிருந்தே நேராகத் தண்ணீர் வரவேண்டும், ஆண்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டார். மூன்றாவதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். பொறியாளர் மூன்றுக்கும் சம்மதித்தார்.

கட்டி முடிக்க ஐந்து மாதம் ஆனது. கவுன்சிலர் ரிப்பன் வெட்டினார். நகராட்சித் துப்புரவுப் பணியாளர் இரண்டு வேளை கழுவுகிறார். பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள். தாழ்ப்பாள் உடைந்தாலும் தண்ணீர் வராவிட்டாலும் அன்றே ஆபீசுக்கு போன் போய்விடும். யாராவது குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் பாத்திரக்கடைக்காரர் கடையிலிருந்தே சத்தம் போடுகிறார். திறந்த முதல் நாள் அக்கா உள்ளே போய்விட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை.

கணக்கெடுப்பு முடிந்ததும் என் வேலையும் முடிந்தது. இப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணினி வேலை பார்க்கிறேன். நேர்காணலில், முன்பு என்ன செய்தாய் என்று கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். காய்கறி மார்க்கெட் பெண்களுக்கும் ஒரு கழிப்பறை வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்களாம். கூடவே, அவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்க ஓர் அறையும் கேட்டிருக்கிறார்களாம். ஒப்புகைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“யாரு அக்கா எழுதிக் குடுத்தது?”

“ஃபேன்ஸி ஸ்டோர் புள்ள எழுதுனா. கமிஷனர்ட்ட நான்தான் குடுத்தேன். பாக்குறேன்னாங்க. பதில் வர்ற வரைக்கும் வாரா வாரம் போய்க் கேட்டுட்டுத்தான் வரப்போறேன்.”

கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி, சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.