கள்ளியைப் பிடுங்க மாட்டேன்

எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் காலி இடம், அதற்கப்பால் முள்கம்பி வேலி, வேலியைத் தாண்டினால் உப்பளம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கொடியில் காயும் துணிகூடப் பிசுபிசுக்கும். ஜன்னல் கம்பிக்கு எத்தனை பெயின்ட் அடித்தாலும் துரு பிடித்துவிடும். வீடு என் கணவர் கல்ஃபில் கட்டட வேலை பார்த்துச் சம்பாதித்தது. எந்த அறை எங்கே, எந்த டைல்ஸ், எந்தக் கலர் என்று எல்லாவற்றையும் அவரும் அவர் தம்பியும் போனிலேயே பேசி முடித்தார்கள். பின்பக்கத்து இடத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்கள். அங்கே ஒன்றும் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

முருங்கைக் கொம்பு நட்டேன். துளிர்த்துக் கருகியது. செம்பருத்தி, மல்லி, ஒரு கொய்யாக் கன்று என்று வைத்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் இலை ஓரம் முதலில் பழுப்பாகும், அப்புறம் உதிரும், அப்புறம் குச்சிதான் நிற்கும். வெயில் ஏறினால் மண்மேல் வெள்ளையாக உப்பு பூக்கும்.

"விடுங்க அண்ணி, சிமென்ட் போட்டுடலாம். கார் நிறுத்தவாவது ஆவும்" என்றார் கொழுந்தனார்.

வீட்டில் கார் கிடையாது. வரப்போவதாகவும் யாரும் சொல்லவில்லை. என் மண்ணை மட்டும் மூடிவிட வேண்டுமாம். அந்தப் பேச்சு எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

வேலியோரம் உப்பளத்து வரப்பில் உமரி முளைத்துக் கிடக்கும். எத்தனையோ வருஷமாகப் பார்த்த செடிதான். ஒரு நாள் ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். குண்டு குண்டான இலை, கடித்தால் தண்ணீரும் உப்புமாகத் தெறித்தது. நான் வைத்ததையெல்லாம் கொன்ற அதே உப்பைத் தின்றுவிட்டு இது கொழுத்திருந்தது. அப்படியானால் கோளாறு மண்ணில் இல்லை. இந்த மண்ணுக்கு ஒத்துவராததைக் கொண்டுவந்து நட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ரோட்டோரம் ஒரு நர்சரி உண்டு. கள்ளி, கற்றாழை வகைகளை ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார்கள். தரையில் நேரே வைத்தால் மழைக்காலத்தில் வேர் அழுகும், கல்லை மேடாக அடுக்கி அதன்மேல் வையுங்கள் என்று அங்கே வேலை பார்த்த பெண் சொன்னார். மேடாக இருந்தால் தரை உப்பும் வேருக்கு எட்டாது, மழைத் தண்ணீரும் நிற்காமல் வடிந்துவிடும்.

வானூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து உடைசல் கல்லைக் குட்டியானை வண்டியில் வரவழைத்தேன். வண்டிக்காரர் கொட்டிவிட்டு, "தோட்டம் போடறேன்னு மண்ணு வாங்குவாங்க. கல்லு வாங்கறது நீங்கதாங்கக்கா" என்று சிரித்தார். அடியில் பெரிய கல், இடையில் செங்கல் துண்டு, மேலே கல்தூளும் செம்மண்ணும். தூக்க முடிந்ததைத் தூக்கினேன், முடியாததைக் கடப்பாரையால் நெம்பி உருட்டினேன். மகள் புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் அவளும் கூடச் சேர்ந்து கல் தூக்குவாள். உச்சியில் ஆனைக்கற்றாழை, பக்கத்தில் சதுரக்கள்ளி, சரிவில் சோற்றுக்கற்றாழை, கல்லிடுக்கில் பிரண்டை, உருண்டைக் கள்ளி, பத்துமணிப்பூ. மொட்டைமாடியில் பிடித்த மழைத் தண்ணீரை அளவாக ஊற்றினேன். ஒன்றும் கருகவில்லை. முதல் கோடையிலேயே பத்துமணிப்பூ கல்லையே மறைக்கிற மாதிரி பூத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உப்பு வாரும் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

முள் செடி வீட்டுக்கு ஆகாது என்று பேச்சு அப்போதே தொடங்கியிருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், பையனுக்கும் கல்ஃபில் வேலை. சமோசா, டீ எல்லாம் ஆயிற்று. பையனின் பெரியம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. "நிக்காஹ் ஆனப்புறம் வேலைக்கிப் போறதப் பத்தி மட்டும் அப்புறமா பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னாம்மா இது? கள்ளியப் போயி வளத்து வெச்சிருக்கீங்க. வீட்டுல செழிப்பா பரக்கத் தங்குமா?"

"தங்குதுங்க, அல்லாஹ் கிருபையில. உக்காருங்க."

"எங்க சொந்தக்காரங்க நாலு பேரு வந்து போற எடம். தேதி குறிக்கறதுக்கு முன்னாடி அதெல்லாம் எடுத்துடுங்க."

நான் யோசிக்கக்கூட இல்லை. "மன்னிச்சிருங்க. எடுக்க மாட்டேன்" என்றேன்.

கொழுந்தனார் டீயைக் கீழே வைத்துவிட்டார். சரி, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அன்றைக்கே கணவர் போன் செய்தார். தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"ஒரு முள்ளுச் செடிக்காகப் பொண்ணு வாழ்க்கையக் கெடுக்கறியா?"

"இன்னிக்கு செடிய எடுக்கச் சொல்றாங்க. அடுத்து அவ வேலைய விடச் சொல்லுவாங்க. அதையும் பாதி சொல்லிட்டாங்க. முதல்லயே தலையாட்டிட்டா அவ காலம் பூரா ஆட்டிக்கிட்டே இருக்கணுங்க."

"நாளைக்கு ஆள் வருவாங்க, எடுத்துடுவாங்க. பேச்ச விடு" என்று வைத்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள்: "அம்மா, எனக்காகன்னு சொல்லி விட்டுக் குடுத்துடாத."

காலையில் கொழுந்தனார் கடப்பாரை, மம்முட்டியோடு இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார். நான் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்க் கல்மேட்டின் மேலேயே உட்கார்ந்தேன். ஆனைக்கற்றாழையின் முனை முதுகில் குத்தியது. பக்கத்து மாடிகளில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"எந்திரிங்க அண்ணி. அண்ணன் சொன்னதத்தான் செய்றேன்."

"அண்ணனே வந்து செய்யட்டும். இதுல ஒவ்வொரு கல்லும் நான் தூக்கி வெச்சது. எடுக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க."

"அசிங்கமா இருக்கு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் ஒண்ணும் திருடிட்டு வந்து நடல."

கடப்பாரை வைத்திருந்தவர் இன்னொருவரைப் பார்த்தார். "பாய், வீட்டுப் பிரச்சனைய முடிச்சிட்டுக் கூப்புடுங்க, வர்றோம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். கொழுந்தனாரும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். வெயில் உச்சிக்கு வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

சம்பந்தம் முறிந்தது. கணவர் அதன்பிறகு மகளிடம் மட்டும்தான் பேசினார். செலவுக்குப் பணம் வரும், பேச்சு வராது. நானும் இறங்கிப் போகவில்லை. கல்மேட்டில் எதையும் எடுக்கவும் இல்லை. சதுரக்கள்ளியின் கிளை ஒன்றை ஒடித்து வேலியோரமும் நட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. உப்பளம், ரோடு, வீட்டு வாசல் எல்லாம் ஒரே தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் மேட்டின் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உருண்டைக் கள்ளிகள் கூழாகிவிட்டன. கற்றாழை பாதி அழுகியிருந்தது. உச்சியில் இருந்ததெல்லாம் அசையாமல் நின்றது. அழுகலை வெட்டி எறிந்து, நல்ல துண்டுகளை நிழலில் பரப்பினேன். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் திரும்ப நட வேண்டும்.

கணவர் லீவில் வந்தது அப்போதுதான். வந்தவர் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு காலையில் நான் சரிந்த கல்லை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்வாசற்படியில் வந்து நின்றார்.

"அப்படி வெச்சா மறுபடியும் சரியும். கீழ அகலமாப் போட்டு உள்பக்கம் சாய்ச்சு வெக்கணும்" என்றார்.

"வந்து வெச்சுக் காட்டுங்க."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு பெரிய கல்லின் முன் நின்று, "எனக்கு இது இன்னும் புடிக்கல" என்றார்.

"புடிக்க வேணாம். கல்லப் புடிங்க."

சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் அவர் கட்டியதுதான். வேலை முடிந்ததும் கையில் ஏறிய முள்ளை எடுக்கச் சொல்லி என்னிடம் கையை நீட்டினார். அன்று பேசியதற்கு வருத்தம் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஆனால் தம்பி மறுபடியும் சிமென்ட் பேச்சை எடுத்தபோது, "அது அவ எடம்டா" என்று அவர் சொன்னது சமையலறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது.

இப்போது பெண் பார்க்க யார் வந்தாலும் டீ கொடுப்பதற்கு முன்னாலேயே பின்கதவைத் திறந்து கல்மேட்டைக் காட்டிவிடுகிறேன். மகள் வேலையை விடமாட்டாள் என்பதையும் அங்கேயே நின்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் கற்றாழைக் கன்று கேட்டு வாங்கிப் போனார், சம்பந்தம் மட்டும் அமையவில்லை. போன மாதம் பெண் பார்க்க வந்த பையனின் அம்மா பின்கதவைத் தாண்டவே இல்லை. மரியாதைக்கு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மகள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. நர்சரியில் இறங்கி இன்னொரு கள்ளி வாங்கி வந்திருந்தாள். போன தடவை வைத்ததைவிட நீளமான முள். வெளிச்சம் இருக்கும்போதே நட்டுவிட்டோம்.