வராத பதினேழு பேர்

சேரப்பணஞ்சேரிப் பள்ளியில் சத்துணவுக்கூடம் திறந்த வருஷம் அது. சூளையில் செங்கல் சுமந்து, புழுதியில் இருமி இருமியே பாதியாகிப்போன சுந்தராம்பாளுக்கு அங்கே சமையல் வேலைதான் கடைசி நம்பிக்கை. புருஷன் இல்லாத வீடு; இரண்டு பெண் குழந்தைகள். ஆனால் கழித்தல் தெரிந்தால்தான் வேலை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கழித்தலாம்! கையெழுத்துக்கே தடுமாறுகிறவளிடம் இது என்ன கொடுமை!

கூட வேலை செய்யும் ஞானம்மா பள்ளிக்கூடம் போனவள். சூளை ஓரத்துத் தரையில் கரித்துண்டால் அறுபத்தொன்று எழுதி, அடியில் இருபத்துநான்கு எழுதினாள்.

"நாலுல ஒண்ணு போனா மூணு. ஆறுல ரெண்டு போனா நாலு. நாப்பத்திமூணு!" என்றாள் சுந்தராம்பாள்.

"அடியே, மேல கீறதுலேருந்துதான் கீழ கீறத எடுக்கணும். நீ தலகீழா எடுக்கிற!"

"மேல ஒண்ணுதானே கீது? அதுல நாலு எப்டிடி எடுப்பேன்?"

ஞானம்மா பத்துப் பத்தாக ஆறு அடுக்குச் செங்கல் வைத்தாள். பக்கத்தில் உதிரியாக ஒரே ஒரு கல்.

"லாரிக்கு நாலு கல்லு உதிரியா கேட்டா இன்னா பண்ணுவ?"

"ஒரு அடுக்கப் பிரிப்பேன்."

"பிரியேன், மகராசி!"

பிரித்தாள். உதிரி பதினொன்று ஆனது. நான்கு போக ஏழு. மிச்சம் ஐந்து அடுக்கில் இரண்டு போக மூன்று. முப்பத்தேழு! சுந்தராம்பாளின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் தினமும் பிரித்த அடுக்குக்குள்ளா இது ஒளிந்திருந்தது?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில், மேற்பார்வைக்கு வந்த அதிகாரி சிலேட்டை நீட்டினார்.

"பதிவேட்டுல பேர் ஐம்பத்திரண்டு. இன்னிக்கு வராதவங்க பதினேழு. எத்தனை பேருக்கு அரிசி?"

அடுக்கை மனதில் பிரித்து, முப்பத்தைந்து என்று எழுதினாள்.

"சரி. அவ்வளவுக்குத்தான் உலை வைக்கணும்."

அவளுக்குச் சுரீரென்றது. அந்தப் பதினேழும் யாரென்று அவளுக்குத் தெரியும். சூளையில் இன்னும் சுடாத பச்சைக் கல்லைத் திருப்பிப்போடும் பிஞ்சுகள். மணி அடித்தால் ஓடிவரும்.

"சார், பாடத்துக்குத்தான் வரல. பசிக்கு வருவாங்க."

"வராதவன் கணக்குல இல்லம்மா."

அடுப்படிக்குப் போய் ஐம்பத்திரண்டு பேருக்கும் அரிசி களைந்தாள். மணி அடித்தது. செம்மண் கால்களோடு பதினேழும் வந்து உட்கார்ந்தன. அத்தனை தட்டிலும் சோறு விழுந்தது.

அதிகாரி பானையை எட்டிப் பார்த்தார். "கழிக்கத் தெரியும்னியே?"

"தெரியும் சார். சிலேட்டுல கழிச்சுட்டேனே. புள்ளைங்க வயித்துல எப்டிக் கழிக்கிறது? அத மட்டும் யாரும் எனக்குக் கத்துத்தரல!"

"நாளைக்கு வேற ஆள் வரும். கரண்டியை வச்சிட்டுப் போ."

"வரட்டும். இன்னிக்கி இன்னும் ரசம் ஊத்தல."

கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள்.