ஏழு பத்தொன்பது

எங்கள் குடும்பத்தில் தாலி கட்டிய நேரம் நிமிஷச் சுத்தமாகத் தெரிந்தது என் தங்கை கல்யாணத்தில் மட்டும்தான். மற்றவர்களிடம் அவரவர் கல்யாணத்தைக் கேட்டால் "ஏழு, ஏழேகால் இருக்கும்" என்பார்கள். தங்கைக்கு ஏழு பத்தொன்பது. மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் நான் செய்த கடிகாரம் இருந்ததுதான் காரணம். அதற்கு முள் கிடையாது. மணியும் நிமிஷமும் ஆரஞ்சு நிறத்தில் எண்ணாகவே எரியும்.

எழுபதுகளின் கடைசி. நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். கழித்துப் போட்ட எண்ணும் கருவி ஒன்று அங்கே மூலையில் கிடந்தது. அதன் முகப்பில் ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை மெல்லிய கம்பியில் வளைத்த எண்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். எந்தக் கம்பிக்கு மின்சாரம் போகிறதோ, அதைச் சுற்றி உள்ளேயிருக்கும் வாயு ஒளிரும். துறைத் தலைவிக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்துவிட்டுக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு செத்துப்போனவை. நாலு போதும், மணிக்கு இரண்டு, நிமிஷத்துக்கு இரண்டு.

அப்பா இல்லை. கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டில் அம்மா, நான், தங்கை என்று மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். சாப்பாட்டு மேஜையில் பாதியை நான் பிடித்துக்கொண்டேன். குழாய்கள் நூற்றெண்பது வோல்ட் கேட்பவை. எனக்கு இரண்டு தடவை ஷாக் அடித்தது. தங்கை சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவாள். "ஏன்க்கா, ஒரு டைம்பீஸ் வாங்கிட்டா எனக்கு உக்கார இடம் கிடைக்கும்ல?" என்பாள். எனக்குக் கோபம் வரும். என் வேலையை யாராவது கிண்டல் செய்தால் எனக்கு எப்போதுமே பொறுக்காது. இப்போதும் அப்படித்தான்.

கடிகாரம் நேரத்தை எடுத்தது வீட்டு மின்சாரத்திலிருந்து. மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை துடிக்கும். ஐம்பது துடிப்பை எண்ணி ஒரு விநாடி என்று வைத்தால் தீர்ந்தது. மார்கழியிலும் தையிலும் தினமும் ரேடியோவோடு ஒத்துப் பார்த்தேன். அரை நிமிஷத்துக்கு மேல் பிசகவில்லை. பிறகு தூசி படக்கூடாதென்று வைக்கோல் போட்டுப் பெட்டியில் மூடி, வைகாசியில் தங்கை கல்யாணத்துக்குத்தான் வெளியே எடுத்தேன். ஊரே பார்க்கட்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில். திங்கட்கிழமை, ஆறு முதல் ஏழரை முகூர்த்தம். ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். மாப்பிள்ளையின் அப்பா சட்டைப் பையில் பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார். நேரத்துக்காகப் பெரிய இடத்துச் சம்பந்தத்தையே உதறியவர் என்று சொல்வார்கள். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடிகாரத்தைப் பிளக்கில் மாட்டி நேரத்தைச் சரியாக வைத்தேன். ராத்திரி முழுக்க ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. அதை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

காலையில் கடிகாரத்தைச் சுற்றிக் கூட்டம். ஒருத்தர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார். "என்ன தம்பி, என் வாட்ச் கால் மணி நேரம் ஃபாஸ்ட்டா ஓடுது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "எனக்கும் அப்படித்தான் காட்டுதுண்ணே." இருவரும் சாவியை இழுத்து முள்ளைப் பின்னால் தள்ளினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். மாப்பிள்ளையின் அப்பாவும் திருப்பி வைத்தார். "எலெக்ட்ரிக்ல ஓடுது. அது பொய் சொல்லுமா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தனை பேர் கையிலும் ஒரே மாதிரி கோளாறு எப்படி வரும் என்று இயற்பியல் படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் உசிலம்பட்டியிலிருந்து வரவேண்டியிருந்தது. பஸ் தாமதம். யாரும் பதறவில்லை. "நேரம் கிடக்கு, வரட்டும்" என்றார்கள். நான் காபி சொல்லச் சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே பரிசாரகரின் டிரான்சிஸ்டரில் ஏழேகால் செய்தி ஆரம்பித்தது. திரும்பி வந்து பார்த்தேன். குழாய்களில் ஆறு ஐம்பத்தொன்பது.

அப்போது நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். முதலில் ரேடியோவைச் சந்தேகப்பட்டேன். செய்தியைத்தான் இன்றைக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதுவே ஐந்து நிமிஷம் ஓடிப்போனது. அப்புறம் புரிந்தது. இன்னும் பத்து நிமிஷம் இருந்தது, சொல்லியிருந்தால் மாமனுக்குக் காத்திராமல் கட்டியிருப்பார்கள். மேடை வரைக்கும் போனேன். மாப்பிள்ளையின் அப்பா என் கடிகாரத்தை யாருக்கோ காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. மாமன் வந்தார், மேளம் கொட்டியது, தாலி ஏறியது. குழாய்களில் ஏழு பத்தொன்பது. நிஜத்தில் ஏழு முப்பத்தைந்து.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பிரித்தேன். மூன்று தடவை பிரித்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. வெறுத்துப்போய்ப் பெட்டியில் போட்டு மூடினேன்.

தங்கை விளாங்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மூன்று வருஷம் குழந்தை இல்லை. மாமியார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார். தாலி கட்டிய நேரம் என்ன என்று அவர் கேட்க, மாமியார் யோசிக்காமல் ஏழு பத்தொன்பது என்றிருக்கிறார். நேரத்தில் பழுதே இல்லை, பொண்ணைக் குறை சொல்லாதீர்கள், பொறுத்திருங்கள் என்று ஜோசியர் சொல்லி அனுப்பினார். அம்மா இதைச் சந்தோஷமாக என்னிடம் சொன்னாள்.

அந்த வருஷம் சித்திரையில் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று, இழுத்துக் கட்டிய கம்பியை அதிரவைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒருத்திக்கு நாற்பத்தொன்பது வந்திருந்தது. வழக்கம்போலச் சிவப்பு மையால் அடித்து ஐம்பது என்று எழுதினேன். அடுத்தவளுக்கும் நாற்பத்தொன்பது. அதையும் அடித்தேன். ஏழாவது நோட்டில் பேனா நின்றது. பழைய நோட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கோடையிலும் நாற்பத்தொன்பதுதான், நாற்பத்தெட்டரைகூட. அத்தனையையும் புத்தகத்தில் ஐம்பது என்று இருக்கிறது என்பதற்காக என் கையாலேயே அடித்திருந்தேன். கோடையில் ஊருக்குக் கரண்ட் போதாதபோது துடிப்பே குறைந்துவிடுகிறது. நாற்பத்தொன்பதாகக் குறைந்தால் பதின்மூன்று மணி நேரத்தில் பதினாறு நிமிஷம் பின்தங்கும். கணக்கு அப்படியே பொருந்தியது.

என் கடிகாரத்தில் தப்பில்லை! அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. அன்று சாயங்காலமே திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி விளாங்குடியில் இறங்கினேன்.

மாமியார் கடைக்குப் போயிருந்தார். தங்கை கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. ஐம்பது, நாற்பத்தொன்பது, சிவப்பு மை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பதினாறு நிமிஷம் என்று சொன்ன பிறகுதான், யாரிடம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. அவளுக்கு ராகு காலத்தில் தாலி கட்டியது என்பதை நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெல்லப் பேசுக்கா. அத்தை வந்துரும்" என்றாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கைகாட்டினாள்.

நான் அதுவரை அந்தப் போட்டோவைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. ஃபிளாஷ் வெளிச்சத்தில் என் கடிகாரத்தின் எண்கள் ஒன்றும் விழவில்லை, வெறும் நாலு கண்ணாடிக் குழாய்கள்தான் தெரிந்தன. மாப்பிள்ளை தாலியை முடிந்துகொண்டிருக்கிறார். தங்கையின் இடது கையில் வளையல்களுக்கு மேலே ஒரு கைக்கடிகாரம், என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அதில் பெரிய முள் ஏழின் மேல் நிற்கிறது, ஏழு முப்பத்தைந்து.

"எல்லாரும் மாத்தி வச்சப்ப நான் மட்டும் மாத்தலக்கா" என்றாள். "நீ வாங்கிக் குடுத்தது, அது தப்பா ஓடாது."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"அம்புட்டு சனத்துக்கு முன்னால உன் கடிகாரம் தப்புன்னு நான் எப்படிக்கா சொல்றது?" என்றாள். "மணியப் பாத்துட்டுத்தான் தலையக் குனிஞ்சேன்."